தாத்தாவின் பட்டாளமும் பாட்டியின் பர்மா நடையும்: எப்படிப் பதிவு செய்வது?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இதுதான். அப்பா வழித் தாத்தாவுக்கு 86 வயது, ஆவடியில் இருக்கிறார், மதராஸ் ரெஜிமெண்டில் இருந்து 1965, 1971 இரண்டு பாகிஸ்தான் சண்டைகளையும் பார்த்தவர். அம்மா வழிப் பாட்டிக்கு 90, வியாசர்பாடி, இரண்டாம் உலகப் போரின்போது ஏழு வயதில் பர்மாவின் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர். இரண்டு பேரின் நினைவுகளையும் பதிவு செய்து வைக்க வேண்டும், நல்ல கேமரா வாங்கலாமா, என்னென்ன கேட்கலாம், கடைசியில் யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு வரி: "பாட்டிகிட்ட கேட்டா, நான் சின்னப் பொண்ணு, எனக்கு என்ன தெரியும்னு சொல்றாங்க, அதனால முதல்ல தாத்தாவை முடிச்சிடலாம்னு இருக்கேன்."

அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். பாட்டியிடம் முதலில் போங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், இதே தப்பை நான் செய்திருக்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என் பெரியப்பாவை உட்கார வைத்து நான்கு மணி நேரம் பதிவு செய்தேன். 1971-ல் அகர்தலா பக்கம் லாரி ஓட்டியவர், ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது பட்டாளத்துக்குச் சாமான் கொண்டுபோகும் பிரிவு. நானும் புத்தகமெல்லாம் படித்துவிட்டு, எந்த டிவிஷன், எந்தத் தேதி, எந்தப் பாலம் என்று ஒரு நோட்டு நிறையக் கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். இன்றைக்குப் போட்டுக் கேட்டால் முக்கால்வாசி புத்தகத்தில் இருப்பதுதான், சில தேதிகள் எனக்குப் பிடிக்கட்டுமே என்று என் கேள்வியிலிருந்தே எடுத்துத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரு இடத்தில் அடுக்களை வாசலிலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்கிறது: "அந்த மூணு மாசம் எனக்கு ஒரு லெட்டர்கூட வரல, நான் தபால்காரன் வர்ற நேரத்துக்கு…" அதற்கு மேல் இல்லை. "பெரியம்மா, ரெக்கார்டிங் ஓடுது, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க" என்று என் குரல். தபால்காரர் வரும் நேரத்துக்கு அவர் என்ன செய்வார் என்பது இனி யாருக்கும் தெரியாது. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

தாத்தா பட்டாளத்தில் இருந்தவர். அவருக்கு ஒரு நம்பர் உண்டு, பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக் உண்டு, பென்ஷன் ஆர்டர் உண்டு, மெடல் உண்டு, வெலிங்டனில் ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் உண்டு. அவர் எங்கே எப்போது இருந்தார் என்பது அவர் மறந்தாலும் எங்கேயோ ஒரு காகிதத்தில் இருக்கும். பாட்டிக்கு அப்படி எதுவும் இல்லை. 1941 டிசம்பர் 23-ம் தேதி ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போனது, அதற்குள்ளும் அதற்குப் பிறகுமாக நான்கைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள், வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம் என்பது வரைதான் சரித்திரம். அந்த லட்சங்களில் உங்கள் பாட்டி எந்தக் கூட்டத்தில் வந்தார், யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், யாரை வழியில் விட்டுவிட்டு வந்தார்கள் என்பதற்கு அவர் தலைக்குள் இருப்பதைத் தவிர வேறு ஆவணம் கிடையாது. நந்தம்பாக்கம் யுத்தக் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள், 850-க்கு மேற்பட்ட கல்லறைகள், ஒவ்வொன்றையும் அவ்வளவு நேர்த்தியாகப் பராமரிக்கிறார்கள். அதே போரில் ஜப்பான்காரன் போர்க்கைதிகளையும் கூலிகளையும் வைத்து தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயிலைப் பற்றிப் படித்திருப்பீர்கள், 415 கிலோமீட்டர், தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் இருக்கின்றன. அதே தண்டவாளத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுச் செத்த தமிழர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. சிப்பாய்க்குத்தான் கணக்கு வைப்பார்கள், கூலிக்கு வைக்க மாட்டார்கள், நடந்து வந்த ஏழு வயதுப் பெண்ணுக்கு நிச்சயம் வைக்க மாட்டார்கள்.

சரி, "எனக்கு என்ன தெரியும்" என்பவரிடம் எப்படிக் கேட்பது. போரைப் பற்றிக் கேட்காதீர்கள். போர் என்ற சொல்லே அவருக்கு வானொலியில் வருவது, ஆண்கள் பேசுவது. சாப்பாட்டைக் கேளுங்கள். ரங்கூன் வீட்டில் காலையில் என்ன சாப்பிட்டீர்கள், கிளம்பும்போது சாப்பிட எதைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள், அது எத்தனை நாள் வந்தது, தண்ணீர் எங்கே குடித்தீர்கள், காலில் என்ன போட்டிருந்தீர்கள், தூக்கி வந்தது யார், எதைத் தூக்கி எறியச் சொன்னார்கள். ஏழு வயதுக் குழந்தை தன் உயரத்தில்தான் பார்த்திருக்கும்: கால்கள், சேறு, மாட்டுவண்டிச் சக்கரம், அம்மாவின் புடவை முந்தானை. அந்த உயரத்திலேயே கேள்வியும் இருக்க வேண்டும். வியாசர்பாடியிலேயே இன்னொரு பாட்டியிடம் நான் இப்படி ஆரம்பித்தபோது, வழியில் பாறைமேல் விட்டுவந்த ஒரு பித்தளைச் செம்பைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார். அந்தச் செம்பு வழியாகவே வந்த வழி, கூட வந்தவர்கள், காலரா வந்த தங்கல், எல்லாம் தானாக வந்துவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: நடந்து வந்தாரா, கப்பலில் வந்தாரா, இல்லை இரண்டுமா? சென்னையில் "பர்மாவிலிருந்து வந்தவங்க" என்று சொல்லும் குடும்பங்களில் இரண்டு வரலாறு கலந்து கிடக்கிறது. 1942-ல் போருக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் ஒரு கூட்டம். 1962-ல் பர்மா ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கிய பிறகு 1964-லிருந்து கப்பலில் வந்தவர்கள் இன்னொரு கூட்டம். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பர்மா பஜார் 1969-ல் இந்த இரண்டாவது கூட்டத்துக்காக வந்தது. போர் முடிந்ததும் திரும்ப ரங்கூனுக்கே போய், மறுபடி இருபது வருஷம் கழித்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களும் நிறைய உண்டு. பேரப்பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கி "பாட்டி ரங்கூன்லேர்ந்து நடந்து வந்தாங்க, வந்ததும் பீச்சாண்ட கடை போட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், நடுவில் கால் நூற்றாண்டு காணாமல் போயிருக்கும். பாட்டியிடம் வழியில் கேட்ட ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். தமு, இம்பால், திமாப்பூர் என்று வந்தால் மணிப்பூர் வழியான மலைப் பாதை. டாங்கூப், அக்யாப், சிட்டகாங் என்று வந்தால் அரக்கான் கடலோரமாக வந்த வேறு பாதை. பெயர் எப்படிச் சொன்னாலும் அப்படியே எழுதுங்கள், நீங்கள் திருத்த வேண்டாம்.

திருத்துவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்த பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு இது. திருவல்லிக்கேணியில் ஒரு அம்மா, 1931-ல் பிறந்தவர், என்னிடம் சொன்னது: "எம்டன் குண்டு போட்டப்போ நாங்க எல்லாரும் காஞ்சிபுரம் ஓடிட்டோம்." எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்தது முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 ராத்திரி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள் எரிந்தன, அரை மணி நேரத்தில் நூற்றுக்கு மேல் குண்டு போட்டுவிட்டுப் போய்விட்டது, குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள், ஐகோர்ட் சுவரில் இன்றைக்கும் கல்வெட்டு இருக்கிறது. இந்த அம்மா பிறப்பதற்கு 17 வருஷம் முன்னால். அவர் ஓடியது 1942 ஏப்ரலில். கொழும்பில், திரிகோணமலையில், விசாகப்பட்டினத்தில், காக்கிநாடாவில் ஒரே வாரத்துக்குள் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன, அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே காலியானது, அரசாங்க ஆபீஸ்களையே வெளியூருக்கு மாற்றினார்கள், கூண்டு உடைந்து வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் அந்த ஏப்ரலில் இங்கே குண்டே விழவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து துறைமுகப் பக்கம் போட்டுவிட்டுப் போனதோடு சரி.

அந்த அம்மாவிடம் "தப்பாச் சொல்றீங்க, அது எம்டன் இல்ல" என்று நான் சொல்லியிருந்தால் அவர் அத்தோடு வாயை மூடியிருப்பார். நான் "காஞ்சிபுரத்துல யார் வீட்ல இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னதில் தேதி தப்பு, ஆனால் அந்தத் தப்பே ஒரு தகவல்: அவர் வீட்டில் கடலிலிருந்து வரும் எந்த ஆபத்துக்கும் பெயர் எம்டன்தான், அவருடைய அம்மா பயந்த பயம் மகளின் நினைவில் உட்கார்ந்துவிட்டது. நாமும்தான் இன்னும் "அவன் சரியான எம்டன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம், நம்மில் யார் கப்பலைப் பார்த்தோம்? பதிவில் அவர் சொன்னதே இருக்கட்டும், உங்கள் குறிப்பில் தனியாக "இது 1942 ஆக இருக்கலாம், காரணம் இது" என்று எழுதிக்கொள்ளுங்கள். வருஷம் பிடிபடவில்லையென்றால் வருஷத்தைக் கேட்காதீர்கள். பொங்கலுக்கு முன்னாலா பின்னாலா, யாருடைய கல்யாணத்துக்கு அடுத்து, ரேஷன் கார்டு வந்துவிட்டதா, எந்தக் குழந்தை வயிற்றில் இருந்தது என்று கேளுங்கள், வருஷத்தை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

இப்போது தாத்தா. பட்டாளத்துக்காரர்களிடம் ஒரு சிக்கல், அவர்களிடம் ஏற்கெனவே ஒரு கதை தயாராக இருக்கும். கல்யாணத்தில், ரிட்டையர்டு ஆட்கள் கூட்டத்தில், குடியரசு தின விழாவில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. அதைச் சொல்ல விடுங்கள், குறுக்கே போகாதீர்கள், சொல்லி முடித்தபிறகுதான் மனசு இளகும். இரண்டாவது நாள் போய் லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையல்கூடத்தில், என்ன சமைத்தார்கள், வடநாட்டில் சோறு கிடைத்ததா, முதன்முதலில் பனியைப் பார்த்தது எப்போது, பூட்ஸ் கடித்ததா, பக்கத்துக் கட்டிலில் யார், அவர் எந்த ஊர், ராத்திரி காவலில் தூக்கம் வராமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "யாரையாவது சுட்டிருக்கீங்களா தாத்தா" என்று மட்டும் கேட்காதீர்கள். அவரே அங்கே வந்தால் வரட்டும், வந்தால் நீங்கள் பேசாமல் இருங்கள். பேச்சு நின்றால் உடனே அடுத்த கேள்வியை வீசாதீர்கள். பத்து வினாடி மௌனம் நமக்குத்தான் நீளம். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் அசல் விஷயம் வரும்.

வீட்டில் இருக்கும் பொருட்களை எடுத்து அவர் மடியில் வையுங்கள். மெடல்களில் 1965-க்கு சமர் சேவா ஸ்டார், 1971-க்குக் கிழக்கு என்றால் பூர்வி ஸ்டார், மேற்கு என்றால் பஸ்சிமி ஸ்டார். விளிம்பிலோ பின்புறமோ நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். பழைய கடிதங்களில் அனுப்புநர் இடத்தில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்றுதான் இருக்கும். ஊர்ப் பெயர் இருக்காது, அதுதான் அந்த முகவரியின் நோக்கமே. என் பெரியம்மாவுக்கும் புருஷன் காஷ்மீரில் இருக்கிறாரா அசாமில் இருக்கிறாரா என்று தெரியாது. எனவே கடிதத்தின் தேதியை டிஸ்சார்ஜ் புக்கோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இடம் பிடிபடும். ஒரு எச்சரிக்கை, டிஸ்சார்ஜ் புக்கையோ பென்ஷன் ஆர்டரையோ பெருமையாகப் படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள், அந்த நம்பர்களை வைத்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் அவர் சொல்வதில் யூனிட் ரகசியம் மாதிரி ஏதாவது இருந்தால், அரசு ரகசியச் சட்டம் 1923-லிருந்து இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, அந்தப் பகுதியைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 1965 லங்கர் பருப்பில் கல் இருந்தது என்பதெல்லாம் ரகசியத்தில் சேராது.

ஐ.என்.ஏ., அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்து ஆட்கள் யாராவது குடும்பத்தில் இருந்தால் (பர்மா, மலேயா தொடர்புள்ள குடும்பங்களில் இருக்க வாய்ப்பு அதிகம், ஜான்சி ராணி படையில் இருந்த பெண்களில் கணிசமானவர்கள் மலேயாத் தோட்டத் தமிழ்ப் பெண்கள், தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி நம்ம மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்) தியாகி பென்ஷனுக்குப் போட்ட விண்ணப்பத்தின் நகலைத் தேடுங்கள். சிறையில் கூட இருந்தவர் கொடுத்த சான்றிதழ், எங்கே பிடிபட்டார், எந்த முகாமில் எத்தனை மாதம் என்று அவரே எழுதிக்கொடுத்த வாக்குமூலம் எல்லாம் அதில் இருக்கும். பென்ஷனுக்காக எழுதியது என்பதால் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். இருந்தாலும் நாற்பது வருஷத்துக்கு முன்னால் நினைவு தெளிவாக இருந்தபோது எழுதியது.

கேமரா வாங்கலாமா என்றால், வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். காசு செலவழிக்க ஆசையென்றால் சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதே போதும். படம் சுமாராக இருந்தால் பரவாயில்லை, குரல் தெளிவாக இல்லையென்றால் எல்லாம் வீண். சென்னையில் உங்களுக்கு எதிரி ஃபேன். மே மாதம் ஃபேனை நிறுத்திவிட்டு 86 வயது மனிதரை உட்கார வைக்க முடியாது, அது பாவம். காலை ஆறரைக்கு முடித்துவிடுங்கள், குக்கர் விசில், காய்கறி வண்டி, பக்கத்து வீட்டு டிவி எல்லாம் ஆரம்பிப்பதற்குள். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஆரம்பத்தில் உங்கள் குரலில் தேதி, இடம், யார் யார் இருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள், முப்பது வருஷம் கழித்து கோப்பின் பெயர் அழிந்துபோனாலும் இது இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் இழுக்காதீர்கள். அறையில் வேறு யாராவது இடையில் பேசினால், தயவுசெய்து, பேச விடுங்கள்.

கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போனிலிருந்து அழித்துவிடும் வேலை வேண்டாம், வீடியோவையெல்லாம் அது நசுக்கிச் சின்னதாக்கித்தான் அனுப்பும். ஒலியை வேவ் வடிவத்தில் எடுக்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் போன் எந்த வடிவத்தில் தருகிறதோ அதை அப்படியே மாற்றாமல் வையுங்கள். மூன்று பிரதி: உங்கள் கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று. வேறு ஊர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டு முதல் மாடிப் படி வரை வந்தது, நான் இரண்டு பிரதிகளையும் கீழே ஒரே பீரோவில் வைத்திருந்தேன், புத்திசாலி. பெரியப்பாவின் பதிவு தப்பித்தது என் தம்பி அதை பெங்களூருக்குக் கொண்டுபோயிருந்ததால் மட்டும்தான். ஹார்ட் டிஸ்க்கும் சும்மா கிடந்தால் ஒருநாள் செத்துப்போகும். நான் வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்றைக்கு எல்லா டிஸ்க்கையும் எடுத்துப் பொட்டு வைக்கிற சாக்கில் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன், மறக்காமல் இருக்க இதைவிட நல்ல நாள் எனக்குத் தெரியவில்லை.

போட்டோக்களை லேமினேட் செய்யாதீர்கள், அதை மீண்டும் பிரிக்கவே முடியாது. ஒட்டும் பக்கம் உள்ள ஆல்பத்தில் இருந்தால் முதலில் ஆல்பத்தோடு சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள், பிய்க்கும்போது கிழிந்தாலும் பிம்பம் தங்கும். ஸ்கேன் செய்வதென்றால் 600 டிபிஐ, டிஃப் கோப்பு. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரை ஊரைச் சொல்லும். பின்பக்கம் பெயர் எழுத மென்மையான பென்சில், பால்பாயிண்ட் பேனா வேண்டாம். சென்னை ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மழைக்காலத்தில் மாற்றுங்கள். வெள்ளத்தில் நனைந்த போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால் கதை முடிந்தது. ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, நிழலில், முகம் மேலே பார்க்கப் பரப்புங்கள். உடனே முடியாவிட்டால் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

எழுத்தாக்குவது தனி உழைப்பு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஆறேழு மணி நேரம் ஆகிறது. கணினி தானாக எழுதிக்கொடுப்பதை முதல் வரைவாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் பல்லில்லாத வாயிலிருந்து வரும் ரங்கூன் தமிழை அது கேட்டு எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவர் எப்படிப் பேசினாரோ அப்படியே எழுதுங்கள். "ஓடியாந்தோம்" என்பதை "ஓடி வந்தோம்" என்று மாற்றினால் பாட்டி போய், பாடப்புத்தகம் வந்துவிடும்.

இவ்வளவு சொன்னபிறகு சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும், நீங்கள் இதை உங்கள் வீட்டோடு நிறுத்தாமல் தெருவில் மற்றவர்களிடமும் போகப் போகிறீர்கள் என்றால். சென்னையில் போரின் நினைவுகளைச் சுமப்பவர்களில் பெரிய கூட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்கள், 1983-லிருந்து. அதே சென்னையில் 1987-லிருந்து 1990 வரை இந்திய அமைதிப் படையில் அங்கே போய் வந்தவர்களும் இருக்கிறார்கள், சுமார் 1,200 பேர் திரும்பவே இல்லை. அந்த இரு தரப்பிலும் ஒவ்வொருவரை நான் ஒரே மாதத்தில் பதிவு செய்தேன், இருவரும் பேசியது இந்தியப் படையும் விடுதலைப் புலிகளும் மோதிய 1987 அக்டோபர் யாழ்ப்பாணம் பற்றி. படையில் போய் வந்தவர் சொன்னது: தமிழ் தெரியும் என்பதால் எல்லாத் தேடுதலுக்கும் முன்னால் நிற்க வைத்தார்கள், கைலி கட்டி எதிரே வருபவன் யார் என்று தெரியாது, ராத்திரி முழுக்கப் பயம், 1990 மார்ச்சில் திரும்பி வந்து இங்கே துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர்கூட வரவேற்க வரவில்லை, ஏதோ தப்பு செய்துவிட்டு வந்தவன் மாதிரி வீட்டுக்குப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மா சொன்னது: ஊரடங்கில் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக்கூடப் போக முடியவில்லை, மேலே ஹெலிகாப்டர், கதவைத் தட்டி உள்ளே வந்தவன் தமிழில் பேசியதும் எங்களுக்குப் பயம் கூடித்தான் போனது, குறையவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரு நடுநிலைக் கதையாகச் செய்ய நான் முயலவில்லை, முயலவும் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இரண்டும் தனித்தனிக் கோப்பாக, இரண்டுக்கும் தனித்தனி அனுமதியோடு இருக்கின்றன. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் நான் சொன்னதில்லை.

அனுமதி என்றால் வெறும் "போட்டுக்கலாமா" இல்லை. எழுதி வாங்குங்கள், தமிழில், அவருக்குப் படித்துக் காட்டி: குடும்பத்துக்கு மட்டுமா, ஆய்வாளர்கள் கேட்கலாமா, பொதுவில் வைக்கலாமா, தன் காலத்துக்குப் பிறகு மட்டுமா, பெயர் வேண்டுமா வேண்டாமா. அவர் எப்போது வேண்டுமானாலும் மனசு மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். அகதி முகாமில் இருப்பவர்கள் கண்காணிப்பில் இருப்பவர்கள், ஊரில் இன்னும் சொந்தங்கள் இருக்கும், வெளிநாட்டுக்குப் போக மனுப் போட்டிருப்பார்கள், ஒரு முகமும் ஒரு ஊர்ப் பெயரும் போதும் யாருக்காவது தொல்லை வர. அவர்கள் விஷயத்தில் கோப்பின் பெயரில்கூட முழுப்பெயர் வைக்காதீர்கள். பேசும்போது கை நடுங்கினால், மூச்சு வாங்கினால் நிறுத்துங்கள். ரெக்கார்டரை அணைத்துவிட்டு உடனே எழுந்து போகாதீர்கள், டீ குடியுங்கள், பேரன் பேத்தி பற்றிப் பேசுங்கள், மறுநாள் ஒரு போன் போட்டு ராத்திரி தூங்கினீர்களா என்று கேளுங்கள். தூக்கமே கெட்டுவிட்டது என்றால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். உங்கள் தாத்தாவுக்கும் இது பொருந்தும், பட்டாளத்துக்காரருக்கு அழுகை வராது என்று யார் சொன்னது.

எங்கே கொடுப்பது என்ற கேள்விக்கு அவசரமே இல்லை, முதலில் இருக்கட்டும். பின்னால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். இலங்கைத் தமிழர் சம்பந்தப்பட்டது என்றால் நூலகம் என்ற இணைய நூலகம் 2005-லிருந்து இயங்குகிறது. ரெஜிமெண்ட் சம்பந்தப்பட்ட போட்டோக்களுக்கு வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். எங்கே கொடுத்தாலும் நகலைக் கொடுங்கள், அசல் வீட்டில் இருக்கட்டும், அவர்கள் அசலைத்தான் கேட்டால் ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். "கொடுத்துவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு இடத்தில் சொன்னார்கள், நம்பி ஒரு குடும்பத்தின் கடிதக் கட்டை அசலாகவே கொடுத்தேன், மூன்று வருஷம் கழித்துப் போனால் அந்தப் பேர்வழி மாற்றலாகிப் போயிருந்தார், கட்டு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ரசீதுகூட வாங்காதது என் தப்பு.

கடைசியாக, தாத்தாவின் கறுப்பு இரும்பு டிரங்குப் பெட்டியை அம்மா இரும்புக் கடைக்குப் போடச் சொல்கிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் அதை மட்டும் தடுத்துவிடுங்கள். மூடியில் வெள்ளை பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எழுதியிருக்கும், ஒவ்வொரு தடவை பதவி உயரும்போதும் பழைய ரேங்க் மேல் கறுப்பு அடித்துப் புதுசு எழுதுவார்கள். ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்து ஓரத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், சிப்பாய் மேல் லான்ஸ் நாயக், அதன்மேல் நாயக், அதன்மேல் ஹவில்தார் என்று அடுக்கடுக்காகப் புடைத்துத் தெரியும். படம் எடுத்துவிட்டு, தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் எழுத்தை எந்த ஊரில் யார் எழுதிக்கொடுத்தது என்று கேளுங்கள்.